வேலையை விட்டுட்டு படகில் வாழப் போறீங்களா? முதல்ல தண்ணீர்க் கணக்கைப் பாருங்க!

வீட்டை விற்று, பாய்மரப் படகு வாங்கி, தீவு தீவாகச் சுற்றும் ஜோடிகளின் யூடியூப் சேனல்கள் இப்போது ஏராளம். நீலக் கடல், வெள்ளை மணல், மடியில் லேப்டாப். ஞாயிறு இரவு அதைப் பார்த்தவருக்கு திங்கள் காலை மீட்டிங் கசக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வீடியோக்களில் அதிகம் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த வாழ்க்கையில் பாய் விரித்து ஓடும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் நங்கூரம் போட்டு நின்று பார்க்கிற வீட்டு வேலை.

பஹாமாஸ் நாட்டின் ஜார்ஜ் டவுன் இதற்கு நல்ல உதாரணம். கிரேட் எக்ஸூமா தீவில் உள்ள சின்ன ஊர் அது. எதிரே ஸ்டாக்கிங் தீவு மதில் மாதிரி நின்று திறந்த கடலின் அலையைத் தடுப்பதால், நடுவில் இயற்கையாகவே ஒரு பெரிய துறைமுகம் அமைந்திருக்கிறது. குளிர்காலம் வந்தால் அமெரிக்கா, கனடாக்காரர்களின் படகுகள் நூற்றுக்கணக்கில் இங்கே வந்து, வாரக்கணக்கில் நிற்கும். காலையில் எல்லோரும் ரேடியோவைத் திறப்பார்கள். வானிலை என்ன, யாரிடம் உதிரி பம்ப் இருக்கிறது, கரைக்கு யார் போகிறார்கள் என்று பேச்சு ஓடும். நம்ம அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் மாதிரிதான். ஒரே வித்தியாசம், மொத்தத் துறைமுகமும் கேட்கும்.

தண்ணீருக்கு வருவோம். இந்திய நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் குடிநீர்த் திட்டம் போடுகிறார்கள். ஒரு படகின் தொட்டி 500 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணக்கில் இருவருக்கு இரண்டு நாள்கூட வராது. படகில் வாழ்பவர்கள் அதையே மூன்று வாரம் இழுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 லிட்டர்! கடலில் குளித்துவிட்டு ஒரு மக் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்வது, பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துக் கடைசி அலசலுக்கு மட்டும் குழாயைத் திறப்பது என்று அதற்குப் பல வழிகள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது கடல்நீரைச் சவ்வு வழியாகப் பெரும் அழுத்தத்தில் தள்ள வேண்டும். அதற்கு கரன்ட் வேண்டும். கரன்ட் சோலார் பேனலிலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கை ஃபிரிட்ஜ் சாப்பிட்டுவிடுகிறது. மூன்று நாள் மேகமூட்டம் என்றால் இன்ஜினை ஓட்டியாக வேண்டும், அதற்கு டீசல். ஒன்றை வாங்கினால் அதற்குத் தீனி போட இன்னொன்று. எல்லாமே உப்புக் காற்றில் கெட்டுப்போகும், ரிப்பேர் பண்ண கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரமாட்டார்.

கரைக்குப் போய்வருவது தனிக் கதை. பைக், கார் எல்லாமே டிங்கி எனப்படும் சின்ன ரப்பர் படகுதான். காற்று எதிரே அடித்தால் போகும்போது ஆள் நனையும், வரும்போது அரிசியும் ரொட்டியும் நனையும். தீவில் விற்கும் பெரும்பாலான பொருள்கள் கப்பலில்தான் வருகின்றன. அது வந்த மறுநாள் கடையில் கீரையும் தக்காளியும் இருக்கும், தாமதமானால் வெங்காயமும் டின் உணவும்தான். முட்டை வாங்கி, துணி துவைத்து, 20 லிட்டர் கேன்களில் தண்ணீர் பிடித்துத் திரும்பினால் அரை நாள் போயிருக்கும். கேன்களைப் படகில் தூக்கி ஏற்றும்போது இடுப்பு வலி போனஸ்.

ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாமா என்றால், அதுவும் காற்றைப் பொறுத்தது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று முகப்பு வரும்போது, காற்று தென்கிழக்கிலிருந்து தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றிக்கொண்டே போகும். காலையில் அமைதியாக இருந்த பக்கம் இரவில் அலையடிக்கும். அதனால் கூட்டமே துறைமுகத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடம் மாறும். 4 மீட்டர் ஆழத்துக்கு 30 மீட்டர் சங்கிலி விட்டவர்கள்கூட, பக்கத்துப் படகின் நங்கூரம் நழுவுமோ என்று விழித்துக் கிடப்பார்கள். இப்போது சேட்டிலைட் நெட் இருப்பதால் படகிலிருந்தே வேலை பார்க்கலாம், உண்மைதான். ஆனால் மறுநாள் காலை கிளையன்ட் கால் இருக்கிறது என்பது காற்றுக்குத் தெரியாது.

இந்தத் துறைமுகத்துக்குக் கடலோடிகள் வைத்த பட்டப்பெயர் 'சிக்கன் ஹார்பர்', அதாவது பயந்தவர்களின் துறைமுகம். கரீபியனுக்குப் போகிறேன் என்று கிளம்பியவர்களில் பலர், இங்கிருந்து தென்கிழக்கே எதிர்க்காற்றில் முட்டிப் போக வேண்டும் என்று தெரிந்ததும் படகைத் திருப்பிவிடுவதால் வந்த பெயர். கேலி நன்றாக இருக்கிறது, ஆனால் நியாயமில்லை. திரும்புகிறவர்களில் பலர் பயந்தவர்கள் அல்ல; இரண்டு மாதம் வாழ்ந்து பார்த்து, இந்த வேலைகள் தங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டவர்கள். இருக்கிற எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்தவருக்குத்தான் திரும்புவது கஷ்டம். வாடகைக்கு விட்ட வீடும், விடுப்பு எடுத்த வேலையும் உள்ளவருக்கு அது ஒரு நீண்ட லீவு, அவ்வளவுதான்.

அப்படியும் போகத்தான் வேண்டும் என்பவர்கள் லின் - லேரி பார்டி தம்பதியைப் படிக்கலாம். 24 அடி நீளமே உள்ள செராஃபின் என்ற படகில், இன்ஜினே இல்லாமல், 1960களின் இறுதியில் கிளம்பி உலகம் சுற்றியவர்கள். இன்ஜின் இல்லை என்றால் இன்ஜின் ரிப்பேரும் இல்லை. எல்லோருக்கும் அது சரிப்படாது. துறைமுகத்துக்குள் காற்று நின்றால் துடுப்புதான் கதி. ஆனாலும் முதல் படகையே 45 அடியில், ஏசியோடு தேடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், செலவில்லாதது. வெள்ளி இரவு மெயின் வால்வை மூடிவிட்டு, இரண்டு பேருக்கு இரண்டு 20 லிட்டர் கேன் மட்டும் வைத்து ஞாயிறு இரவு வரை சமாளித்துப் பாருங்கள். குளிப்பது, சமைப்பது, துவைப்பது எல்லாம் அதில்தான். ஞாயிறு மதியம் வீட்டில் யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.