கோத்தா தம்பானிலிருந்து ஓடியவர்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறுகதையைப் படிக்கத் தந்தார் ஓர் இளம் எழுத்தாளர். 74,000 ஆண்டுகளுக்கு முந்தைய பேராக். லெங்கோங் பள்ளத்தாக்கில் ஓர் ஏரிக்கரை. அடைகல்லுக்கு முன்னால் உட்கார்ந்து கிழவன் ஒருவன் கூழாங்கல்லை உடைத்துச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். மேற்கே வானம் கறுக்கிறது. சாம்பல் கொட்டத் தொடங்குகிறது. பாதி செதுக்கிய கல்லைப் போட்டுவிட்டுப் பேரனை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். கடைசிப் பத்தியில் ஓர் அகழாய்வாளரின் விரல் அந்தக் கல்லைத் தொடுகிறது.

நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் இதே காட்சியை நான் கவிதையாகப் படித்திருக்கிறேன், மேடையில் கேட்டிருக்கிறேன், முகநூலில் எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கே இல்லை. கூடவே ஒரு வால்: ‘தோபா வெடித்தபோது உலகில் மிஞ்சிய மனிதர்கள் சில ஆயிரம் பேர்தான்.’ அதைச் சொல்லும்போது எல்லோர் குரலும் ஒருமாதிரி தாழ்ந்துவிடும்.

“தம்பி, அந்தச் சாம்பல் அவன் கல்லை உடைச்சிக்கிட்டிருந்த அன்னைக்கே அங்க விழுந்ததுன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“அண்ணே, கதைதானே இது. அதோட நானாவா சொன்னேன்? ஆராய்ச்சி பண்ணவங்களே சொன்னதுதான்.”

இரண்டு பதில். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்.

கோத்தா தம்பானில் கற்கருவிகள் இருப்பது 1938-இலேயே தெரியும். காலிங்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார். 1987-இல் யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜித் அங்கே அகழ்ந்தபோதுதான் அது வெறும் கருவிகள் கிடக்கும் இடமல்ல, கருவி செய்த பட்டறை என்பது துலங்கியது. அடைகல், சுத்தியல் கல், செதில்கள், முடிக்காத கருவிகள் என்று எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. பழைய ஏரி ஒன்றின் கரை அது. கூடவே எரிமலைச் சாம்பல். மலேசியத் தொல்லியலில் நடந்த மிகச் சிறந்த அகழாய்வுகளில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முடிக்காத கருவிகளையும் சாம்பலையும் ஒன்றாகப் பார்த்தவர்களுக்கு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள் என்று தோன்றியது இயல்பு. ஓர் ஊகமாக அதில் தவறே கிடையாது.

ஆனால் அந்தச் சாம்பலுக்கு முதலில் எழுதப்பட்ட வயது 74,000 அல்ல, சுமார் 31,000 ஆண்டுகள். மலேசியாவில் கிடைத்த சாம்பலுக்கு அப்போதிருந்த காலக்கணிப்பு அப்படித்தான் காட்டியது. பிறகு கணிப்பு முறைகள் மேம்பட்டன. அது தோபாவின் கடைசிப் பெருவெடிப்பின் சாம்பல்தான் என்பதும், அந்த வெடிப்பு சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்பதும் உறுதியாயின. 2012-இல் வெளிவந்த மிகத் துல்லியமான ஆர்கான் காலக்கணிப்புகளில் ஒன்று லெங்கோங் சாம்பலை வைத்தே செய்யப்பட்டது. இதெல்லாம் அறிவியலில் நடப்பதுதான், குறையே இல்லை. நம் கதை என்ன ஆயிற்று என்று பாருங்கள். நாற்பதாயிரம் ஆண்டுகள் பின்னால் தள்ளிப்போனது, ஒரு சொல்கூட மாறவில்லை. 31,000 ஆண்டுகளுக்கு முன் ஓடிய அதே ஆட்கள் 74,000 ஆண்டுகளுக்கு முன்னும் அதே வேகத்தில் ஓடினார்கள். ஆதாரம் தலைகீழாக மாறியும் அசையாத கதை ஆதாரத்திலிருந்து வந்ததாக இருக்க முடியுமா?

ஓர் எரிமலைச் சாம்பல் படுகை எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். பெயர்தான் சாம்பல். அடுப்புச் சாம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது கண்ணாடி. வெடித்துச் சிதறிய பாறைக்குழம்பு காற்றிலேயே உறைந்து கூர்மையான கண்ணாடித் துகள்களாகிறது. எந்த எரிமலை, எந்த வெடிப்பு என்பதற்கு அந்தக் கண்ணாடியின் வேதியியலே கைரேகை மாதிரி. இந்தத் துகள்கள் வெட்டவெளியில் விழுந்தால் நிற்காது, அடுத்த மழை அடித்துக்கொண்டு போய்விடும். ஆழமான, அமைதியான ஏரியில் விழுந்தால் மெல்ல அமிழ்ந்து சேற்றின் மேல் படியும். அடுத்த பருவத்தின் சேறு வந்து மூடும். அடியில் ஆக்சிஜன் இல்லாத ஏரியாக இருந்தால் இன்னும் நல்லது, சேற்றைக் கிளறும் புழு பூச்சி எதுவும் அங்கே வாழாது. கிளறாத சேற்றில் சாம்பல் ஒரு கோடாக நிற்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது வெடிப்புக்கு முன், மேலே இருப்பது வெடிப்புக்குப் பின்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி அப்படிப்பட்டது. 700 மீட்டர் ஆழம், அடிநீரில் ஆக்சிஜன் கிடையாது. 2005-இல் அதன் படுகையைத் துளைத்து நீண்ட சேற்று உருளைகளை எடுத்தார்கள். தோபாவிலிருந்து சுமார் 7,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடம். அங்கே சாம்பல் அடுக்கு என்று கண்ணால் பார்க்க எதுவுமில்லை. கிறிஸ்டின் லேனும் அவருடைய குழுவும் சேற்றைத் துண்டு துண்டாக வெட்டி, சலித்து, அடர்த்தி கூடிய திரவத்தில் மிதக்கவிட்டுப் பிரித்து, நுண்ணோக்கியில் ஒவ்வொரு துகளாகத் தேடினார்கள். தலைமயிரின் தடிமன்கூட இல்லாத கண்ணாடித் துகள்கள் கிடைத்தன. வேதியியல் தோபாவோடு பொருந்தியது. 2013-இல் முடிவை வெளியிட்டார்கள்.

எனக்கு ஆச்சரியம் துகள் கிடைத்ததில் இல்லை. அந்தக் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் இருந்த சேறு ஒரே மாதிரி இருந்ததுதான் ஆச்சரியம். ஏரி நீர் பெரிதாகக் குளிர்ந்த தடயம் இல்லை. பின்னால் அதே உருளைகளில் தாவர எச்சங்களைத் தேடியவர்களுக்கும், கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகள் செத்து அழிந்ததற்கான அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. ‘சில ஆயிரம் பேர்’ கதைக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் கதை வந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1992-இல் ராம்பினோவும் செல்ஃபும் தோபாவால் பூமியின் சராசரி வெப்பம் 3 முதல் 5 டிகிரி குறைந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1998-இல் ஸ்டான்லி ஆம்புரோஸ் அதை மனித மரபணுவில் தெரியும் ஒரு குறுகலோடு இணைத்தார். எரிமலைக் குளிர்காலம் வந்தது, மனித இனம் ஏறக்குறைய அழிந்தது, தப்பிய சிலரின் வாரிசுகள் நாம். அந்தத் தப்பிய சிலர் வாழ்ந்திருக்க வேண்டிய இடம் ஆப்பிரிக்கா. அந்த ஆப்பிரிக்காவின் ஏரி வாயைத் திறந்தபோது சொன்னது: இங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லையே.

அதற்காகத் தோபா சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. வெளியே வந்த பாறைக்குழம்பு மட்டும் 2,800 கன கிலோமீட்டர் என்று ஒரு பழைய மதிப்பீடு உண்டு, புதிய மதிப்பீடுகள் அதற்கும் மேலே போகின்றன. 100 கிலோமீட்டர் நீளமுள்ள தோபா ஏரியே வெடிப்பு விட்டுச்சென்ற குழிதான். ஆனால் உலகைக் குளிர்விப்பது சாம்பல் அல்ல, கந்தகம். தோபா எவ்வளவு கந்தகத்தைக் கக்கியது என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. மலாவியில் நடக்காதது சுமத்ராவிலும் பேராக்கிலும் நடந்திருக்கலாம். லெங்கோங் தோபாவிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். இங்கே காடு கருகியிருக்கலாம், மனிதர்கள் மூச்சுத் திணறிச் செத்திருக்கலாம். நடுவில் இந்தியா இருக்கிறது. ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் பாத்திரம் துலக்கும் பொடிக்காகத் தோண்டியெடுக்கும் அளவுக்குத் தோபா சாம்பல் கிடக்கிறது. அந்தச் சாம்பலுக்குக் கீழும் மேலும் கிடைத்த கற்கருவிகள் ஒரே வகையானவை என்றும், அதனால் மனிதர்கள் தாக்குப்பிடித்தார்கள் என்றும் 2007-இல் பெட்ராலியா குழு எழுதியது. இல்லை, இந்தியாவில் காடு அழிந்து புல்வெளியானது என்று வங்கக் கடலடிச் சேற்றின் மகரந்தத்தை வைத்து வில்லியம்ஸ் குழு 2009-இல் மறுத்தது. சண்டை இன்னும் முடியவில்லை. ஓர் இடத்தில் நடந்ததை இன்னோர் இடத்துக்கு நீட்டக் கூடாது என்பதுதான் அந்தச் சண்டையில் எனக்குக் கிடைத்த பாடம்.

இப்போது லெங்கோங்குக்குத் திரும்பலாம். மலாவியின் சாம்பலும் லெங்கோங் சாம்பலும் ஒரே எரிமலையுடையவை, ஆனால் கிடக்கும் விதம் வேறு. லெங்கோங்கில் சாம்பல் கண்ணுக்குத் தெரியாத கோடாக இல்லை, தடித்த மேடுகளாகக் கிடக்கிறது. ‘பாருங்கள், எவ்வளவு கொட்டியிருக்கிறது’ என்று நாம் வாய்பிளக்கும் அந்தத் தடிமனே பிரச்சினை. எமா கத்தி என்பவரும், யூ.எஸ்.எம். ஆய்வாளர்கள் உட்பட அவருடன் பணியாற்றியவர்களும், லெங்கோங்கின் சாம்பல் படுகைகளை ஆராய்ந்து 2013-இல் எழுதினார்கள்: இது வானத்திலிருந்து விழுந்து அப்படியே கிடக்கும் சாம்பல் அல்ல, நீர் இழுத்து வந்து மறுபடி படியவைத்த சாம்பல். மலைச்சரிவில் விழுந்ததை மழை கழுவியிருக்கிறது, ஆறு சுமந்திருக்கிறது, பள்ளங்களில் இறக்கியிருக்கிறது. நம் ஊர் மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விழுந்ததற்கும் இப்போது கிடக்கும் இடத்தில் படிந்ததற்கும் இடையே எவ்வளவு காலம் போயிற்று என்பதைச் சாம்பலை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

சாம்பலின் வயது 74,000 என்பது கண்ணாடி உறைந்த நாளின் வயது. அது வந்து சேர்ந்த நாளின் வயது அல்ல. இந்த ஒரே ஒரு வேறுபாட்டில் கிழவன், பேரன், பாதி செதுக்கிய கல், எல்லாம் ஆட்டம் காண்கின்றன. அந்தக் கல்லை யாரோ சலித்துப்போய் வீசியிருக்கலாம். கல் சரியாகப் பிளக்காமல் விட்டிருக்கலாம். எந்தப் பட்டறையிலும் முடியாத வேலை கிடக்கத்தான் செய்யும், ஒரு தச்சர் கடைக்குப் போய்ப் பாருங்கள். ஓடியது யார் என்பதும் தெரியாது. கோத்தா தம்பானில் மனித எலும்பு கிடைக்கவில்லை. நம்மைப் போன்ற மனிதர்களா, வேறு மனித இனமா என்பதை அந்தக் கற்கள் சொல்லவில்லை. லெங்கோங்கில் கிடைத்த ‘பேராக் மனிதன்’ சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவன், இந்தக் கதைக்கு அவனைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

ஆக, ‘ஆராய்ச்சி பண்ணவங்களே சொன்னாங்க’ என்றால், அவர்கள் இதையும்தான் சொல்லியிருக்கிறார்கள். நாம் முதல் வாக்கியத்தைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டோம்.

இனி ‘கதைதானே’. இந்தச் சொல்லுக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. புனைவுக்கு உரிமை உண்டு, யார் இல்லை என்றார்கள்? 74,000 ஆண்டுகளுக்கு முந்தைய கிழவனுக்குப் பேரனைக் கொடுங்கள், பல்வலியைக் கொடுங்கள், கெட்ட கனவைக் கொடுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அந்தக் கதையின் பலம் முழுவதும் ‘இது உண்மையில் நடந்தது’ என்ற கிசுகிசுப்பில் இருக்கிறது. கடைசிப் பத்தியில் அகழாய்வாளரின் விரல் எதற்கு வருகிறது? சாட்சி சொல்லத்தானே? அறிவியலிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, குறுக்கு விசாரணை என்றதும் ‘கதைதானே’ என்று நழுவினால் எப்படி?

நமக்குப் பேரழிவு பிடிக்கும். கடல்கோள் என்றால் போதும், தமிழனுக்குக் கண் கலங்கும். குமரிக்கண்டத்தைக் கேலி செய்யும் நவீன இலக்கிய வாசகர்கள்கூடத் தோபா என்றதும் அதே பரவசத்தில் விழுகிறார்கள். இதில் வந்திருப்பது ஆங்கிலப் பெயர்கள் என்பதால் பகுத்தறிவு போலத் தெரிகிறது, அவ்வளவுதான். பேரழிவு எழுதுவதற்குச் சுலபம். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும், பாத்திரங்களை வளர்க்க வேண்டியதில்லை.

சேறு சொல்வது அதைவிடக் கடினமான கதை, எனக்கு அதுதான் வேண்டும். வானம் சில நாள் இருண்டது. பிறகு விடிந்தது. ஆற்றில் மீன் செத்து மிதந்திருக்கலாம். இலையெல்லாம் கண்ணாடித் தூள். குடிக்கும் நீரில் அது நறநறக்கிறது. பின் மழை. ஒவ்வொரு மழைக்கும் மலையிலிருந்து வெள்ளையாகச் சாம்பல் இறங்குகிறது, ஆறு திசை மாறுகிறது, கூழாங்கல் கிடைத்த இடங்கள் மூடிப்போகின்றன. கிழவனின் பேரனுக்குப் பேரன் காலத்திலும் அது இறங்கிக்கொண்டேயிருக்கிறது, ஏன் என்று அவனுக்குத் தெரியாது. இதிலும் பாதி ஊகம்தான். ஆனால் சேற்றோடு மோதாத ஊகம்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லை. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அந்தக் கல்லை அவன் ஏன் பாதியில போட்டான்?” என்றார்.

“தெரியாது. நீங்கதான் எழுதணும்.”

கதையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இன்னும் திரும்பி வரவில்லை.