யார் அந்த "வேறு பார்ட்டி"?

"சார், வேறு ஒரு பார்ட்டி வந்து வீட்டைப் பார்த்துட்டுப் போயிருக்கு. உங்களைவிட ஆறு லட்சம் ஜாஸ்தி குடுக்கத் தயாரா இருக்காங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள நீங்க டோக்கன் போடலேன்னா, வீடு கைய விட்டுப் போயிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க!"

சென்னையில் சொந்த வீடு தேடி அலைந்தவர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. மடிப்பாக்கமோ, கொளத்தூரோ, அம்பத்தூரோ, குரோம்பேட்டையோ, ஏரியா மாறும். புரோக்கர் மாறுவார். வசனம் மாறாது!

போன் வரும் நேரமும் பெரும்பாலும் மாறுவதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் வரும். அப்போது பாங்கு மூடியிருக்கும். வக்கீல் வீட்டுக்குப் போயிருப்பார். யாரிடமும் யோசனை கேட்க முடியாது. புருஷனும் பெண்சாதியும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு முகத்தோடு முகம் பார்த்துக்கொள்வார்கள்.

"என்னங்க, என் நகைய வெச்சாவது குடுத்துடலாம். புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல இதை விட்டா வேற கிடைக்காது" என்பார் மனைவி.

அந்த "வேறு பார்ட்டி" யார்? இவர்கள் அவரைப் பார்த்ததில்லை. பேர் தெரியாது. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே தெரியாது. ஆனாலும் அவருக்குப் பயந்து, ஆயுசுக்கும் சேர்த்த பணத்தை ஒரே ராத்திரியில் எடுத்து வைக்கத் தயாராகி விடுகிறார்கள்!

ஆறு லட்சம் என்பது எவ்வளவு?

ஆறு லட்சம் என்றால் ஆறு லட்சம்தானே என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு.

ஒரு வீட்டின் விலை ரூ.70 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 80 சதவீதம்தான் உச்ச வரம்பு என்பது ரிசர்வ் பாங்கு விதி. அதன்படி அதிகபட்சம் ரூ.56 லட்சம் கிடைக்கும். பாக்கி ரூ.14 லட்சம் கைக்காசு.

அதோடு முடிந்ததா? தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, மாறுதல் வரி இரண்டும் சேர்த்து 7 சதவீதம். 2023-ம் ஆண்டு ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம். இது ரூ.6 லட்சத்து 30 ஆயிரம். இந்தச் செலவுக்கு பாங்கு கடன் தராது. புரோக்கர் கமிஷன் 1 சதவீதம் என்றாலும் ரூ.70 ஆயிரம். மொத்தம் ரூ.21 லட்சம் கையில் இருந்தால்தான் இந்த வீட்டுக்குள் பால் காய்ச்ச முடியும்.

இப்போது "வேறு பார்ட்டி"க்குப் பயந்து விலையை ரூ.76 லட்சம் ஆக்கிவிட்டார் என்று வையுங்கள். புரோக்கர் ராத்திரியில் போன் போட்டார் என்பதற்காக பாங்கு அனுப்பும் மதிப்பீட்டு என்ஜினீயர் விலையை ஏற்றிப் போட மாட்டார். அவர் கணக்கில் வீடு அதே ரூ.70 லட்சம்தான். கடனும் அதே ரூ.56 லட்சம்தான்! விலையில் கைக்காசு ரூ.20 லட்சம். பத்திரச் செலவு ரூ.6 லட்சத்து 84 ஆயிரம். கமிஷன் ரூ.76 ஆயிரம். கூட்டினால் ரூ.27 லட்சத்து 60 ஆயிரம்.

அதாவது, ஏறிய ஆறு லட்சத்தில் ஒரு பைசாவைக்கூட பாங்கு ஏற்கவில்லை. வீடு வாங்குகிறவரின் பையிலிருந்து ரூ.6 லட்சத்து 60 ஆயிரம் கூடுதலாகப் போகிறது. மனைவியின் நகை, பி.எஃப். பணம், மச்சானிடம் கைமாற்று, மாதம் மூன்று வட்டிக்கு வெளியில் கடன்... எல்லாம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

புரோக்கருக்கு என்ன லாபம்?

இங்கேதான் வேடிக்கை! ஆறு லட்சம் ஏறினால் 1 சதவீதக் கமிஷனில் புரோக்கருக்குக் கூடுதலாகக் கிடைப்பது ரூ.6 ஆயிரம். இரண்டு பக்கமும் வாங்கினால் ரூ.12 ஆயிரம். இதற்காகவா ஒரு மனுஷன் இந்தப் பாடு படுகிறார்?

இல்லை. அவருடைய பயம் வேறு.

ஒரே வீட்டின் சாவி தெருவில் நாலைந்து புரோக்கர் கையில் சுற்றுகிறது. வீட்டுக்காரர் யாரிடமும் எழுதிக் கொடுப்பதில்லை. யார் கூட்டி வந்த ஆள் முதலில் டோக்கன் போடுகிறாரோ, அந்தப் புரோக்கருக்குத்தான் கமிஷன். மற்றவர்கள் இரண்டு மாசம் வெயிலில் வண்டி ஓட்டி வீடு காட்டிய பெட்ரோல் செலவுகூடக் கிடைக்காமல் போவார்கள். எனவே "போட்டிப் பார்ட்டி" இருக்கிறதோ இல்லையோ, போட்டிப் புரோக்கர் நிச்சயம் இருக்கிறார்! அவரை முந்துவதற்குத்தான் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன்.

இது வயிற்றுப் பிழைப்பு சம்பந்தப்பட்டது என்பதை மறுக்க முடியாது. தெருவில் எந்த வீட்டில் பாகப் பிரிவினை வழக்கு, எந்த வீட்டில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், எந்தக் கிணறு உப்பு என்று விரல் நுனியில் வைத்திருந்து, உள்ளதை உள்ளபடி சொல்லி வீடு முடித்துக் கொடுக்கும் பழைய புரோக்கர்களும் ஊரில் உண்டு. அவர்களுக்குக் கொடுக்கும் கமிஷன் வீண் போகாது.

ஆனால் இன்னொரு ரகமும் இருக்கிறது. "எனக்கு அறுபத்தஞ்சு வந்தால் போதும், மேலே நீ எவ்வளவு வெச்சு வித்தாலும் உன் சாமர்த்தியம்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். வாங்குகிறவருக்கு அது தெரியாது. இந்த ஏற்பாட்டில் இல்லாத பார்ட்டியைக் காட்டி ஏற்றும் ஒவ்வொரு லட்சமும் நேராகப் புரோக்கர் பாக்கெட்டுக்கே போகும். வாங்குகிறவரிடம் கமிஷன் தனி! வீட்டுக்காரரை நேரில் பார்க்கவே விடாமல், "அவர் ஊர்ல இல்ல சார்", "பெரியவருக்கு உடம்பு சரியில்ல சார்" என்று இழுத்தடித்தால் விஷயம் இதுதானோ என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது.

வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் அல்ல

எல்லாப் பழியையும் புரோக்கர் தலையில் போடுவதும் நியாயம் இல்லை. காலையில் ஒருவரிடம் அட்வான்ஸ், சாயங்காலம் இன்னொருவரிடம் பேரம் என்று நடத்துகிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். "எனக்கு வேறு வீடு பேசி முடிஞ்சாச்சு" என்று வாங்குகிறவர் விடுகிற புருடாவும் ஊருக்குத் தெரிந்ததே.

சில சமயம் "வேறு பார்ட்டி" நிஜமாகவே இருப்பார். பாங்குக் கடனுக்கு மனுப் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் குமாஸ்தாவைவிட, கையில் பணத்தோடு வருகிறவரை வீட்டுக்காரர் விரும்பினால் அதில் குற்றம் இல்லை. வீடு அவருடையது. யாருக்கு விற்பது என்பது அவர் இஷ்டம்.

கேள்வி அது அல்ல. இருக்கிற போட்டியையும் இல்லாத போட்டியையும் பிரித்துப் பார்க்க வாங்குகிறவருக்கு வழியே இல்லாமல் இருக்கிறதே, அதுதான் கேள்வி.

சட்டம் எட்டாத இடம்

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த ரியல் எஸ்டேட் சட்டம் ஏஜெண்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. வாயால் சொன்னாலும் எழுத்தில் சொன்னாலும் பொய் சொல்லி வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது. மீறினால் நாள் ஒன்றுக்கு ரூ.10 ஆயிரம், சொத்து விலையில் 5 சதவீதம் வரை அபராதம்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிவு யாருக்கு? அந்தச் சட்டப்படி பதிவான புதிய குடியிருப்பு, மனைத் திட்டங்களில் விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டுகளுக்கு. நங்கநல்லூரில் இருபது வருஷத்துப் பழைய வீட்டையோ, பெரம்பூரில் கைமாறும் பிளாட்டையோ முடித்துக் கொடுக்கும் தெருப் புரோக்கர் அதற்குள் வருவதில்லை. குமாஸ்தாவும் கடைக்காரரும் தேடிப் போவதோ பெரும்பாலும் இந்தப் பழைய வீடுகளைத்தான்!

டொரண்டோவில் என்ன செய்தார்கள்?

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்திலும் இதே தொல்லை இருந்தது. டொரண்டோ நகரமும் அங்கே குடியேறிய ஏராளமான தமிழர்களும் இருக்கும் மாநிலம் அது. இல்லாத பார்ட்டிக்கு அங்கே "ஆவி ஏலம்" என்கிற மாதிரி ஒரு பேரே வைத்திருந்தார்கள்.

2015-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் அங்கே ஒரு விதி வந்தது. வேறு ஒருவர் விலை கேட்டிருக்கிறார் என்று ஏஜெண்டு சொல்ல வேண்டுமானால், அது எழுத்தில் இருக்க வேண்டும். கேட்டவரின் கையெழுத்து இருக்க வேண்டும். அதன் பதிவை ஏஜெண்டு கம்பெனி பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், எழுத்தில் விலை கொடுத்த எவரும் புகார் செய்து, உண்மையில் எத்தனை பேர் விலை கொடுத்தார்கள் என்று விசாரிக்கச் சொல்லலாம்.

பெரிய ராக்கெட் வித்தை ஒன்றும் இல்லை. ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்!

டீக்கடை டோக்கன்

இங்கே நிலைமை என்ன? காகிதம் என்றாலே அலர்ஜி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று ரொக்கமாக எண்ணிக் கொடுக்கிறார்கள். ரசீது கேட்டால் "என்ன சார், எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று புரோக்கர் முகம் சுளிக்கிறார். நாலு நாள் கழித்து நிஜமான "வேறு பார்ட்டி" வந்துவிட்டால் டோக்கன் பணம் கோவிந்தா! வீட்டுக்காரர் "என்கிட்ட பணமே வரலியே" என்பார்.

வீட்டு விற்பனைக்கான அட்வான்சை ரூ.20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015-ம் ஆண்டு ஜூன் மாதமே வருமான வரிச் சட்டத்தில் விதி வந்துவிட்டது. மீறி வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். டீக்கடை பெஞ்சில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

செக்காகவோ பாங்கு மூலமாகவோ, அதுவும் பத்திரத்தில் பேர் உள்ள வீட்டுக்காரர் கணக்குக்கே போனால் அந்தப் பணத்துக்கு சாட்சி உண்டு. புரோக்கர் கணக்குக்குப் போனால் சாட்சி புரோக்கருக்குத்தான்.

விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012-ம் ஆண்டு டிசம்பர் முதல் கட்டாயம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும், கிரயம் செய்து தரச் சொல்லும் வழக்கில் சாட்சியமாகப் பார்க்கலாம் என்று 2023-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு ஒரு தமிழ்நாட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை நம்பி அலட்சியமாக இருந்தால், வாடகை வீட்டில் இருந்துகொண்டே வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

பதிவு செய்த ஒப்பந்தத்தில் இன்னொரு சவுகரியம் இருக்கிறது. அது வில்லங்கத்தில் ஏறிவிடும். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம். பின்னால் வருகிற "வேறு பார்ட்டி" வில்லங்கம் போட்டுப் பார்த்தால், இந்த வீட்டை ஏற்கனவே ஒருவர் பேசி முடித்திருக்கிறார் என்று பளிச்சென்று தெரியும். வாயால் மிரட்டிய போட்டிக்கு அங்கே எழுத்தால் பூட்டு!

அரசு செய்ய வேண்டியது

பழைய வீடுகளுக்கான புரோக்கர்களையும் பதிவுக்குள் கொண்டுவர மாநில அரசு முன்வர வேண்டும். ஒவ்வொரு புரோக்கருக்கும் ஒரு நம்பர், ஒரு அடையாள அட்டை. வேறு ஒருவர் விலை கேட்டிருக்கிறார் என்று சொன்னால், தொகையும் தேதியும் கையெழுத்தும் உள்ள சீட்டு. கமிஷன் யாரிடம் எவ்வளவு என்று முதல் நாளே எழுத்தில். நேர்மையான புரோக்கர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. எழுதிக் கொடுத்த கமிஷனை வீட்டுக்காரர் பிறகு இல்லையென்று ஏமாற்ற முடியாது என்பதால் லாபம்தான்.

அதுவரை ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்துகொண்டுதான் இருக்கும். வரட்டும். "எங்க கணக்கு எழுபதுதான். அந்தப் பார்ட்டி எழுதிக் குடுத்த சீட்டை வீட்டுக்காரர் முன்னாடி காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டை முடிக்கலாம். மறுநாள் காலை பத்து மணிக்கு, டோக்கனுக்குப் பதிலாக, வீட்டுக்காரரைப் பார்க்க நேரில் போகலாம்.