புறம்போக்கில் துள்ளும் மீன்

வாயைப் பார்த்தே மீனின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது தூண்டில்காரர்களின் பழைய நம்பிக்கை. வாய் மேல்நோக்கி இருந்தால் அது நீர்ப்பரப்பில் இரை தேடும். கீழ்நோக்கி இருந்தால் தரையைக் கிளறும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக் கழிமுகங்களில் வாழும் மணல் ஒயிட்டிங் இந்த இலக்கணத்துக்கு உதாரணமாகச் சொல்லப்பட்ட மீன். நீண்டு கூர்ந்த மூக்கு. அதன் அடியில் ஒரு சின்ன வாய். வேண்டும்போது அது குழாய்போல் முன்னே நீளும். மணலுக்குள் செருகிப் புழுவை உறிஞ்சி எடுப்பதற்கென்றே செய்துவைத்த கருவி போலிருக்கும். எனவே அடித்தரை மீன் என்று அதற்கு முத்திரை குத்தியாயிற்று. கடற்புழுவையோ, மணலில் வளை தோண்டி வாழும் சிற்றிறாலையோ முள்ளில் கோத்து, ஈயக்குண்டு கட்டித் தரையோடு தரையாகப் போட வேண்டும். தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்.

இந்த மீன் தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமல்ல. சென்னைச் சந்தைகளில் கிழங்கான் என்று விற்கப்படுவது இதன் நெருங்கிய உறவு. இரண்டும் சில்லாகோ என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அங்கே இருப்பது சில்லாகோ சிலியாட்டா. இங்கே இருப்பது சில்லாகோ சிஹாமா. அதே வெள்ளி உடம்பு, அதே கூர்மூக்கு, ஆபத்து வந்தால் மணலுக்குள் புதைந்துகொள்ளும் அதே சாமர்த்தியம். மிருதுவான சதை, எளிதில் செரிக்கும் என்று இரண்டு நாடுகளிலும் நல்ல பெயர்.

2000களில் அந்தப் பழைய பாடம் பொய்த்தது. இரையே இல்லாமல், விரல் நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் பொம்மையை நீரின் மேல்பரப்பில் இழுத்து மணல் ஒயிட்டிங்கைப் பிடிக்கலாம் என்பது நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் பரவலாகத் தெரியவந்தது. பாப்பர் எனப்படும் அந்தப் போலி இரையின் முகம் கிண்ணம்போல் குழிந்திருக்கும். இழுக்கும்போது தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பும். அதன் பின்னால் அம்புபோல் ஒரு கோடு கிளம்பும். பிறகு இரண்டு, மூன்று. முழங்கால் ஆழமே உள்ள நீரில் ஒரு கூட்டமே முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மையைத் துரத்தும். தரையைத் தவிர வேறொன்றும் அறியாதது என்று பெயர் வாங்கிய மீன் வானத்தைப் பார்த்துப் பாய்ந்தது.

மீன் மாறிவிடவில்லை. பார்ப்பவர்கள் இவ்வளவு காலம் கவனிக்காமல் இருந்த ஒன்று கண்ணில் பட்டது, அவ்வளவுதான். கோடையில், அதாவது நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை, கழிமுகங்களில் இறால் பெருகும். துரத்தப்பட்ட இறால் நீர்ப்பரப்புக்கு வந்து தத்தித் தத்தி ஓடும். ஆழம் குறைந்த மணல்வெளியில் தரைக்கும் பரப்புக்கும் இடைவெளி ஒரு முழமோ இரண்டு முழமோதான். அங்கே 'அடித்தரை மீன்', 'மேல்மட்ட மீன்' என்ற பிரிவினையே அர்த்தமற்றது. இரை எங்கே போகிறதோ அங்கே வாயும் போகிறது.

இந்த மீன்பிடிப்பின் நுட்பங்கள் எல்லாமே தப்பி ஓடும் இறாலின் பயத்தைப் பிரதி எடுப்பவை. ஓதம் ஏறத் தொடங்கி, மணல்திட்டின்மேல் முதல் நீர் பரவும் நேரமே சிறந்தது. வற்றத்தின்போது ஆழமான ஓடைகளில் ஒதுங்கியிருந்த மீன்கள் அப்போது மேய்ச்சலுக்கு ஏறி வரும். கண்ணாடிபோல் அசைவற்ற நீர் உதவாது. மனிதனின் நிழலைக் கண்டே மீன் ஓடிவிடும். லேசான காற்று எழுப்பும் சிற்றலை வேண்டும். தங்கூசி மெல்லியதாக இருக்க வேண்டும். பொம்மையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. அதே கழிமுகத்தில் வாழும் பிரீம் என்ற மீனுக்கு, பொம்மையை இழுத்துச் சற்று நிறுத்தினால்தான் கவ்வும். ஒயிட்டிங் நேர்மாறு. நின்றுபோன இரைமேல் அதற்கு நம்பிக்கை போய்விடும். துரத்தலே அதன் பசி. மீன் பின்னால் வருவதைக் கண்ட பிறகும் கையை நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டிருப்பதுதான் புதியவர்களுக்குப் பெரிய சோதனை.

இன்னொரு விதி காலுக்கு. மணலில் அடி எடுத்துவைக்கக் கூடாது. தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். திருக்கைகள் மணலைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். மிதித்தால் வால்முள் பாயும். காலைத் தேய்த்தால் அதிர்வை உணர்ந்து விலகிப் போய்விடும்.

நீர்மேல் ஓடும் இந்தப் பொம்மை ஆஸ்திரேலியக் கண்டுபிடிப்பு அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டோவாஜியாக் என்ற ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்றொருவர் இருந்தார். தேனீ வளர்ப்பவர்; பத்திரிகையும் நடத்தியவர். ஆலைக் குளத்தங்கரையில் நண்பருக்காகக் காத்திருந்தவர், கையில் சீவிக்கொண்டிருந்த மரத்துண்டை நீரில் வீச, பாஸ் மீன் ஒன்று அதன்மேல் பாய்ந்தது என்பது இன்றும் சொல்லப்படும் கதை. கதை எப்படியோ, அவர் பெயரில் தொழிற்சாலை எழுந்தது. பிற்பாடு ஜப்பானிய நிறுவனங்கள் பொம்மைகளை மேலும் சிறிதாக்கி, நுணுக்கமாக்கின. லக்கி கிராஃப்ட் நிறுவனத்தின் அப்படியொரு பொம்மைக்குப் பெயர் 'சாமி'. நன்னீர் பாஸுக்காகச் செய்ததைக் கடல்நீர் ஒயிட்டிங்குக்கு வீசிப் பார்த்ததுதான் ஆஸ்திரேலியர்கள் செய்த துணிச்சல்.

ஆனால் இந்த மோகத்தின் உண்மையான விளைவு கூடையில் விழுந்த மீன் அல்ல. மணல்வெளியைப் பார்க்கும் பார்வை மாறியது. புழுவைக் கோத்துத் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு நீர் ஒரு மூடிய கதவு. மேல்மட்டப் பொம்மைக்காரர் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒளியின் கூச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி வழியே தரையைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். பொத்தல் பொத்தலாக இருந்தால் வளை இறாலின் குடியிருப்பு. கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தால் போன ஓதத்தில் திருக்கை மேய்ந்த இடம். கரும்பச்சைத் திட்டு கடற்புல். அங்கேதான் இறால் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. வற்றத்தில் ஆயிரக்கணக்கில் அணிவகுத்துப் போகும் நீலநிற சிப்பாய் நண்டுகள் மணலைச் சலித்துச் சாப்பிட்டு உருண்டைகளாக விட்டுச்செல்கின்றன. வளை இறால் ஓயாமல் மணலைப் புரட்டி அடியிலிருக்கும் மண்ணுக்குக் காற்று கொடுக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லாத வெளி. கிட்டே போனால் உழுதுபோட்ட வயல்.

இந்த வயல் யாருடையது என்ற கேள்வி அங்கே மிகப் பழையது. சிட்னிக்குத் தெற்கே உள்ள பாட்டனி விரிகுடாவில் 1770 ஏப்ரலில் ஜேம்ஸ் குக் கரையிறங்கினார். ஆழமற்ற நீரில் திருக்கைகள் ஏராளமாகக் கிடைத்ததால் முதலில் அந்த இடத்துக்குத் திருக்கைத் துறைமுகம் என்றே பெயர் வைத்தார். அங்கே வாழ்ந்த குவியகல் மக்களின் ஈட்டிகளில் ஏறத்தாழ நாற்பதை அவருடைய ஆட்கள் எடுத்துச் சென்றார்கள். பெரும்பாலும் பல முனை கொண்ட மீன் ஈட்டிகள். மணல்வெளியில் நின்று, நீருக்குள் பார்த்துக் குத்துவதற்கானவை. சிட்னிப் பகுதிப் பெண்களோ சிப்பி ஓட்டைத் தேய்த்துப் பிறை வடிவில் தூண்டில் முள் செய்தார்கள். அந்த ஓட்டின் பளபளப்பே போலி இரையாகவும் உதவியது என்பது ஆய்வாளர்கள் கருத்து. பாப்பர்காரர்கள் புதிதாகக் கற்றுக்கொண்ட பார்வை அந்தக் கரையில் முன்பே இருந்தது என்று பொருள். குக் கொண்டுபோனவற்றில் எஞ்சிய நான்கு ஈட்டிகள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் உடைமையாக இருந்து, 2024ல்தான் அந்த மக்களின் வாரிசுகளிடம் திரும்பின.

இருபதாம் நூற்றாண்டு இந்த விரிகுடாவை வேறு விதமாகக் கணக்கிட்டது. 1970களில் துறைமுகத்துக்காக ஆழப்படுத்தினார்கள். அலைகளின் திசை மாறி, எதிர்க்கரையான டவ்ரா முனை அரிக்கப்பட்டது. வலசைப் பறவைகளுக்காக 1984ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம் அது. 1994ல் சிட்னி விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதை விரிகுடாவுக்குள் நீண்டது. மணல்வெளிக்கு விலை இல்லை. எனவே அதை நிரப்புவதற்குக் கணக்கும் இல்லை.

திருப்பம் 2001ல் வந்தது. நியூ சவுத் வேல்ஸ் அரசு, பொழுதுபோக்குக்காக மீன்பிடிக்கும் பெரும்பாலோர் கட்டணம் கட்டி உரிமம் பெற வேண்டும் என்று சட்டமாக்கியது. அந்த வருமானத்தை நம்பிச் சுமார் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் திரட்டி, ஏறத்தாழ 250 வணிக மீன்பிடித் தொழில்களின் உரிமங்களை விலைக்கு வாங்கியது. 2002ல் மாநிலம் முழுவதும் 30 இடங்கள் பொழுதுபோக்கு மீன்பிடிப் புகலிடங்களாக அறிவிக்கப்பட்டன. பாட்டனி விரிகுடாவும் மக்குவாரி ஏரியும் அவற்றில் அடக்கம். வலைகள் வெளியேறின. புகலிடம் மீனுக்கல்ல, தூண்டிலுக்கு.

இதைச் சூழலியல் வெற்றியாகவே தூண்டில்காரர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. அங்கே 27 சென்டிமீட்டருக்குக் குறைந்த மணல் ஒயிட்டிங்கைத் திரும்ப விட்டுவிட வேண்டும். ஒருவர் ஒரு நாளில் 20க்கு மேல் எடுக்கக் கூடாது. குயின்ஸ்லாந்தில் வரம்பு 23 சென்டிமீட்டர், 30 மீன். பல பொம்மைக்காரர்கள் பிடித்ததையும் விட்டுவிடுகிறார்கள். கட்டணம் கட்டியவருக்கு ஒரு குரல் கிடைக்கிறது. மணல்வெளியைத் தோண்ட வருபவரிடம், இதற்கும் ஒரு வரவு செலவு உண்டு என்று அவரால் சொல்ல முடிகிறது.

மறுபக்கமும் உண்டு. தலைமுறைகளாக அதே விரிகுடாவில் வலை போட்டவர்கள் நஷ்டஈடு பெற்றுக்கொண்டு போனார்கள். உள்ளூர்ச் சந்தைக்கு மீன் கொடுத்தவர் வெளியே. சனிக்கிழமை காலை விளையாட வருபவர் உள்ளே. நீரும் மீனும் எல்லோருக்கும் பொது என்றால், பிடிக்கத் தெரியாதவருக்கு அந்த மீனைச் சாப்பிடும் உரிமை வலைக்காரர் மூலமாகத்தான் வந்துசேர்ந்தது. அந்த வழி அடைபட்டது. அழித்தவர்கள் வலைக்காரர்கள்தானா, கடலை நிரப்பியவர்களா என்ற கேள்விக்கும் இந்த ஏற்பாட்டில் விடை இல்லை. துறைமுகத்தை யாரும் விலைக்கு வாங்கி மூடவில்லை.

கிழங்கான் மேயும் எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களில் இதே கேள்வி வேறு உருவில் நிற்கிறது. இங்கே உரிமக் கட்டணம் இல்லை. அதற்குப் பதில் மரபு உண்டு. பழவேற்காட்டில் இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. அதுவும் முழுச் சமத்துவம் அல்ல. பாட்டில் பங்கில்லாதவர்கள் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஆனாலும் மணல்வெளிக்கு உரியவர்கள் உண்டு என்ற ஒப்புக்கொள்ளல் அதில் இருக்கிறது. அரசின் பதிவேட்டிலோ அது புறம்போக்கு. அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்து ஆழத்தைக் குறைத்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும், பாதிக்கப்பட்டது யாருடைய வயல் என்பதை நிரூபிக்கும் சுமை, சேற்றில் நின்றவர்கள் மேலேயே விழுந்தது.

ஆஸ்திரேலிய வழி இங்கே பொருந்தாது. வாரக் கடைசியில் பொம்மை வீசுபவருக்காக வலைக்காரரை வெளியேற்றினால் அது பாதுகாப்பு ஆகாது. அங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றுதான்: காலியிடம் என்று எண்ணப்பட்ட ஒன்றைக் கணக்கில் ஏற்றிய பழக்கம். எந்தத் திட்டில் எப்போது இறால் ஏறும், எந்த ஓடையில் கிழங்கான் ஒதுங்கும் என்று எண்ணூரில் கையால் தடவுகிறவருக்குத் தெரியும். அவரைக் கேட்டு வரையப்பட்ட வரைபடம் ஒன்று நில ஆவணத்தோடு இணைக்கப்பட்டால், அடுத்த குழாயோ சாலையோ வரும்போது 'இங்கே ஒன்றுமில்லை' என்று எழுதக் கை கொஞ்சம் தயங்கும்.

கீழ்நோக்கிய வாயைப் பார்த்துவிட்டு, இந்த மீன் மேலே வராது என்று பல காலம் நம்பினார்கள். வெறும் மணலைப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் விளையாது என்று எழுதுவதும் அதே ஜாதித் தவறு. முதல் தவறைத் திருத்த ஒரு பிளாஸ்டிக் பொம்மை போதுமாக இருந்தது. இரண்டாவதற்கு அரசாணை வேண்டும்.