சாலை வளையும்போது லயம் என்னாகும்?

ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஈத்தாம் வரை செல்லும் முதலாம் எண் கூட்டரசுச் சாலை ஊர் ஊராக நுழைந்து போவது. பீடோர், தாப்பா, கம்பார் கடைத்தெருக்கள் அதை ஒட்டியே வளர்ந்தன. பொதுப்பணி இலாகாவில் நம் முன்னோர் பலர் கல்லுடைத்துப் போட்ட சாலைகளின் வழித்தடம் அது.

1994 செப்டம்பரில் 772 கிலோமீட்டர் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அது ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிச் செல்கிறது. ஊரை விட்டு ஒதுங்கும் சாலை எங்கே போகும்? காட்டுக்கும் தோட்டத்துக்கும்தான்.

விரைவுச் சாலை நாட்டுக்கு வேண்டியதே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நிலத்தில் உரிமையுள்ளோருக்கே ஈடு தருகிறது. உரிமையாளர் விருப்பப்படி குடியிருப்பவரை அக்கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று தலைமுறையாய்ச் செக்ரோலில் பெயர் இருந்தும், லயத்துக்காரன் கையில் பட்டா இல்லை. மரத்துக்கு விலை உண்டு. அதில் பால் வெட்டியவனுக்கு ஒன்றுமில்லை. இது நியாயமா?

இனி எந்தச் சாலை தோட்டத்துக்குள் வளைந்தாலும், வரைபடம் போடும்போதே தொழிலாளர் வீட்டுக்கும் இடம் குறிக்கப்பட வேண்டும். வீடு முதலில், சாலை பிறகு. இதை வாய்மொழியாக அல்ல, எழுத்தில் கேட்போம்.