போஸ்டரில் சிக்காத மேதை

சிவகாசியில் ஆஃப்செட் இயந்திரத்தோடு ஓடுகிற வாழ்க்கை என்னுடையது. காலண்டர், டைரி, நோட்டு அட்டை, வெடிப்பெட்டி லேபிள் என்று எங்கள் கைவழியாகப் போகாத படம் கிடையாது. சாமி படம் எப்போதும் ஓடும். அடுத்து நடிகர்கள், அதற்கடுத்து கிரிக்கெட். உலகக் கோப்பை வருகிற ஆண்டில் கால்பந்து வீரர்களும் வந்து சேர்வார்கள். பெரும்பாலும் கேரளத்து ஆர்டர்கள்.

அந்தப் படங்களில் ஒரு வழமை உண்டு. வீரனின் கால் காற்றில் இருக்கும். இல்லையென்றால் கோல் போட்டுவிட்டுக் கத்துவான், அல்லது கோப்பையை முத்தமிடுவான். பந்து தன்னிடம் வந்து சேருமுன் தலையைத் திருப்பி, தோளுக்கு மேலே பின்பக்கம் பார்க்கிற வீரனின் படத்தை அச்சடிக்கச் சொல்லி இன்றுவரை யாரும் கொண்டுவந்ததில்லை. கால்பந்தில் மேதைமை குடியிருப்பது அந்தப் பார்வையில்தான் என்பது என் உறுதியான எண்ணம். கால் எல்லோருக்கும் இருக்கிறது. பயிற்சியால் அதைப் பழக்கிவிடலாம். மற்ற இருபத்தோரு பேரும் அடுத்த இரண்டு நொடியில் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே அறிகிற ஆள் அரிதாகத்தான் பிறக்கிறான்.

வேலை முடிந்து டீக்கடைக்குப் போனால் எங்கள் அச்சகத்துத் தம்பிகளின் வாதம் வேறு மாதிரி போகும். "அண்ணாச்சி, மெஸ்ஸி எட்டு பாலன் டி'ஓர் வாங்கியிருக்காரு. ரொனால்டோ அஞ்சு. நீங்க சொல்ற மாரடோனா எத்தன?" ஒன்றும் இல்லைதான். 1995 வரை அந்த விருதை ஐரோப்பிய வீரர்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். பெலேவுக்கும் அப்போது கிடைக்காமல் போனது அதனால்தான். விருதும் கோல் கணக்கும் ஒருவன் எத்தனை காலம் உச்சியில் நின்றான் என்பதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் ரசிகர்கள் மனசுக்குள் பொத்தி வைத்திருப்பது வேறு சங்கதிகளை.

1970 உலகக் கோப்பை அரையிறுதியில் உருகுவே கோல்கீப்பர் மஸூர்கேவிச் முன்னேறி வருகிறார். சக பிரேசில் வீரர் டோஸ்டாவோ கொடுத்த பந்தைப் பெலே தொடவே இல்லை. பந்தை கீப்பருக்கு ஒரு பக்கமாக ஓடவிட்டு, தான் மறுபக்கமாகச் சுற்றிப் போய்ப் பிடித்து உதைத்தார். பந்து கம்பத்தை ஒட்டி வெளியே போய்விட்டது. கோல் இல்லை. ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் அந்தத் தவறிய உதையை ரசிகர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 1974 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராக நெதர்லாந்தின் க்ரைஃப் திரும்பிய திருப்பத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அந்த ஆட்டம் கோல் எதுவும் விழாமல் முடிந்தது. கோல் கணக்குதான் மேதைமைக்கு அளவென்றால் இந்த இரண்டும் என்றைக்கோ மறந்துபோயிருக்க வேண்டும்.

மாரடோனாவுக்கு வருகிறேன். 1986 ஜூன் 22, மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானம், இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பைக் காலிறுதி. கையால் போட்ட கோலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான்கு நிமிடம் கழித்து வந்தது இரண்டாவது கோல். தன் பாதி மைதானத்தில் பந்தை வாங்கி, பியர்ட்ஸ்லி, ரீட், புட்சர், ஃபென்விக் என்று ஒவ்வொருவராகக் கடந்து, கடைசியில் கீப்பர் ஷில்டனையும் தாண்டி வலைக்குள் தள்ளினார். அந்த ஓட்டத்தைப் பார்க்காத கால்பந்து ரசிகன் இருக்க முடியாது.

எனக்கு அந்த ஓட்டத்தைவிடப் பெரிதாகப் படுவது ஆட்டம் முடிந்தபின் நடந்தது. இடப்பக்கம் கூடவே ஓடிவந்த சக வீரர் ஹோர்ஹே வால்டானோ அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். மாரடோனா அவரிடம் வருத்தம் தெரிவித்தாராம். நீ ஆளில்லாமல் ஓடிவந்ததைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன், உனக்குத் தரத்தான் நினைத்தேன், தர இடைவெளி கிடைக்கவில்லை என்றாராம். வால்டானோவுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. காலில் பந்து, முன்னால் இங்கிலாந்துத் தடுப்பு, வெட்ட வரும் கால்கள். இத்தனைக்கும் நடுவில் அந்த ஆள் தன்னையும் கவனித்துக்கொண்டு வந்திருக்கிறான்! உலகமே கால் வித்தை என்று கொண்டாடுகிற கோலுக்குள் ஒரு கண் வித்தை ஒளிந்திருக்கிறது. வால்டானோ வாய் திறந்து சொல்லாவிட்டால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

ஒரு வாரம் கழித்து மேற்கு ஜெர்மனியோடு இறுதியாட்டம். அதில் மாரடோனா கோலே போடவில்லை. ஜெர்மன் வீரர் மத்தாயஸ் அவரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு திரிந்தார். இரண்டு கோல் பின்தங்கியிருந்த ஜெர்மனி 2-2 என்று சமன் செய்துவிட்டது. ஆட்டம் முடிய ஆறேழு நிமிடம்தான் பாக்கி. நடு மைதானத்தில், சுற்றிலும் ஜெர்மானியர்கள் நிற்க, துள்ளி வந்த பந்தை மாரடோனா ஒரே தொடலில் முன்னால் தள்ளிவிட்டார். பந்து போன இடத்தில் சக வீரர் புருச்சாகா ஓடிக்கொண்டிருந்தார். கோல், கோப்பை, எல்லாம். அந்த ஒரு தொடலைப் போஸ்டராக அடித்தால் யார் வாங்குவார்கள்? நான்கைந்து பேர் கூட்டமாக நிற்கிற படம், நடுவில் ஒரு குள்ளமான ஆள்.

தம்பிகளின் நாயகனிடமும் இதே குணம்தான் இருக்கிறது. 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்துத் தடுப்பை உள்நோக்கி இழுத்துக்கொண்டே போன மெஸ்ஸி, முகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு பந்தை மறுபக்கம் அனுப்பினாரே, மொலினா கோல் போட்டாரே, அந்தப் பாஸ். ஆட்டத்தில் பாதி நேரம் மெஸ்ஸி நடக்கிறார் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. நடக்கும்போது அவர் தலை சும்மா இருக்கிறதா என்று பாருங்கள். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பந்து வருமுன் வீரர்கள் எத்தனை முறை தலை திருப்பிப் பார்க்கிறார்கள் என்பதையே பல வருடங்களாக ஆராய்ந்தவர். அதிகம் பார்க்கிறவர்களின் பாஸ்தான் அதிகம் சரியாகப் போய்ச் சேருகிறது என்று அவர் ஆய்வு காட்டுகிறது. சுற்றுமுற்றும் பார்ப்பதில் பார்சிலோனாவின் சாவி பெயர்பெற்றவர்.

டிவி கேமரா பந்தைத்தான் துரத்தும். செல்போனில் வருகிற முப்பது நொடித் துணுக்கு வித்தையிலிருந்து தொடங்கி கோலில் முடிந்துவிடும். பந்து வருமுன் நடந்தது அந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. மைதானத்து ஓரத்தில் நின்று பார்க்கிற ரசிகனுக்கு மட்டும்தான் முழு ஆட்டமும் கண்ணில் விழுகிறது. ஐ.எம். விஜயனை யார் கண்டுபிடித்தார்கள்? நமக்கு அவரை 'திமிரு', 'பிகில்' படங்களில் பார்த்த ஞாபகம் இருக்கும். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன் அவர். கேரள போலீஸ் அணிக்குப் போய், மோகன் பகானுக்குப் போய், இந்திய அணித் தலைவராகவும் ஆனார். 1999 தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12-வது நொடியில் கோல் அடித்தார். 2025-ல் பத்மஸ்ரீ வந்தது. கொல்கத்தா ரசிகர்களோ பத்மஸ்ரீக்கெல்லாம் வெகுகாலம் முன்பே அவருக்குக் 'காலோ ஹரிண்', கறுப்பு மான் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். கேலரியில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து வைத்த பெயர் அது.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். விருதுநகர் மாவட்டம் காரியாபட்டிப் பக்கம் புல்லூரில் இருக்கிறது சேது தொழில்நுட்பக் கல்லூரி. அதைச் சேர்ந்தவர்கள் 2016-ல் தொடங்கிய அணி சேது எஃப்.சி. மதுரை அணி என்றுதான் வெளியில் பெயர். 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி, இந்திய மகளிர் லீக் பட்டத்தை முதன்முதலாகத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 2022-ல் கடைசி ஆட்டத்தில் கோகுலம் கேரளாவிடம் தோற்று இரண்டாமிடம். நாடே திரும்பிப் பார்த்த அணி அது. பட்டாசுக்கும் அச்சுக்கும் பெயர்போன நம் ஊர்களில் எத்தனை பேர் இதை அறிந்திருக்கிறோம்?

அந்த அணிக்காக நடுக்களத்தில் ஆடியவர் இந்துமதி கதிரேசன். கடலூர்ப் பெண், காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் சென்னை அண்ணா நகரில் தெருவில் நின்று பணி பார்த்தவர். 2018-ல் கட்டாக்கில் பலம்வாய்ந்த மணிப்பூரை வென்று தமிழ்நாடு முதன்முறை தேசிய மகளிர் சாம்பியன் ஆனதே, அந்த அணியிலும் இருந்தார். 2023-24-க்கான நாட்டின் சிறந்த வீராங்கனை என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் படம் போட்ட நோட்டு அட்டை ஒன்றுகூட எங்கள் இயந்திரத்தில் ஓடியதில்லை.

நடுக்கள ஆட்டக்காரர்களின் கதி இது. நான்கு வண்ண அச்சில் மஞ்சளை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள், வெள்ளைத்தாளில் படம் இருப்பதே சரியாகத் தெரியாது. அதே மஞ்சளை எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் ஓட்டினால் முகத்தில் உயிர் இருக்காது.

சாத்தூர்ப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஆட்டம் பார்த்தேன். கரிசல் மண் மைதானம், வெயிலில் வெடிப்பு விட்டுக் கிடந்தது. பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. எல்லைக்கோட்டைத் தாண்டினால் சீமைக்கருவை முள். நடுக்களத்தில் ஒரு சிறுமி, பதினான்கு வயதுக்கு மேல் இருக்காது. அவளை நோக்கிப் பந்து உருண்டு வருகிறது. வலது தோளுக்கு மேல் ஒருமுறை பார்த்தாள், பந்து நெருங்கியதும் மறுபடி ஒருமுறை. முதுகை ஒட்டி எதிரணிப் பெண். பந்தை நிறுத்தப் போகிறவள் போலக் காலை வைத்து, கடைசி நேரத்தில் இரண்டு காலுக்கும் நடுவே விட்டுவிட்டாள். பின்னால் நின்றவள் ஏமாந்து நிற்க, இடது ஓரத்தில் ஓடிவந்த பிள்ளையிடம் பந்து தானாகப் போய்ச் சேர்ந்தது. அவள் உதைத்ததைக் கீப்பர் பிடித்துவிட்டாள். கோல் இல்லை. "கால்ல வந்த பந்த விட்டுட்டாளே, கூறுகெட்ட பிள்ள" என்று ஓரத்திலிருந்து சத்தம். என் பக்கத்தில் நின்ற பெரியவர் மட்டும் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "கால விடுங்க தம்பி, அந்தப் பிள்ள கழுத்தப் பாருங்க."

நான் மேதை என்று சொல்வது அந்தக் கழுத்தை. அந்தப் பிள்ளை இன்னொரு இந்துமதி ஆவாளா என்பது எனக்குத் தெரியாது. "விட்டுட்டாளே" என்ற சத்தத்தை இன்னும் இரண்டு வருடம் கேட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிடுவாள் என்பது தெரியும். பந்து வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தூரமாக உதைத்துத் தள்ளுவாள், நாம் கைதட்டுவோம். நம் ஊர் மைதானங்களில் நான் அதிகம் கேட்கிற சொல் "அடி, அடி". பிள்ளைகளுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமே கொடுக்க மாட்டோம். பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது இதில் சேராத தனிக் கொடுமை. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் மாநிலத்தின் முன்வரிசையில் நிற்பதைப் பெருமையாகச் சொல்கிற மாவட்டம், வாரத்தில் இரண்டு பீரியடைப் பிள்ளைகளுக்கே விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

உடற்கல்வி ஆசிரியர்களிடமும், ஊர்தோறும் போட்டி நடத்துகிற மன்றங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆட்டம் முடிந்ததும் சிறந்த ஆட்டக்காரர் பரிசு எப்போதும் அதிக கோல் போட்டவருக்கே போகிறது. அது போகட்டும். கூடவே, அன்றைய ஆட்டத்தின் சிறந்த பாஸுக்கு என்று இன்னொரு பரிசு வையுங்கள், சின்னக் கோப்பையாக இருந்தாலும் போதும். சான்றிதழ் அச்சிட்டுத் தர சிவகாசியில் ஆள் கிடைக்காமல் போகாது, நானே முன்வந்து செய்கிறேன். யாருக்குத் தருவது என்பதை மேடையில் உட்கார்ந்திருக்கிற விருந்தினரிடம் விடாமல் நடுவரிடம் விடுங்கள். ஆட்டம் முழுக்க அந்தப் பிள்ளைகளின் கூடவே ஓடி, பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்தான்.