பெட்டியில் அச்சிட்ட 85

யாழ்ப்பாணத்தின் தொண்டைமானாற்றுப் பாலத்தைத் தாண்டி அந்த வான் சந்நிதிப் பக்கம் திரும்பியபோது விடிய ஆறு மணி இருக்கும். முதல் நாள் இரவு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வான் ஏறிய குடும்பம். செல்வச்சந்நிதி முருகன் கோயில் திருவிழாவுக்காக லண்டனில் இருந்து வந்தவர்கள். கதவு திறந்ததும் அம்மம்மா முதலில் தேடியது ஐந்து வயதுப் பேரனைத்தான். "ராசா, இஞ்ச பார், அம்மம்மா" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். பிள்ளை திரும்பவில்லை. நித்திரை என்றும் சொல்ல முடியாது, கண் திறந்துதான் இருந்தது. தலையில் நீல நிற ஹெட்செட். உள்ளே ஓடிய பாட்டு வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. தாய் அதைக் கழற்றியபோது இரண்டு காதுமடலும் சிவந்து, ஓரத்தில் பிளாஸ்டிக் அழுத்திய கோடு தெரிந்தது.

"வழி முழுக்க ஒரு கரைச்சலும் தரேல்லை. இது சின்னப்பிள்ளையளுக்கெண்டே செய்தது, அம்மா. எண்பத்தஞ்சுக்கு மேல சத்தம் போகாது, பெட்டியிலயே போட்டிருக்கு" என்றார் தாய்.

அந்த வாசலில் நின்றவர்களில் இதை எழுதுபவரும் ஒருவர். "எண்பத்தஞ்சு" என்ற சொல்லைக் கேட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. லண்டன், ரொறொன்ரோ, கொழும்பு என்று எங்கே பிள்ளை வளர்த்தாலும் பெற்றோர் இதே வசனத்தை இதே நிம்மதியோடு சொல்கிறார்கள். சிறுவர் ஹெட்செட் என்று எழுதியிருக்கிறதாம், 85 டெசிபல் என்று போட்டிருக்கிறதாம், ஆகவே பிள்ளையின் காது பத்திரமாம். இது முழுப் பிழை. பிழை என்று அறிய விரும்பாத பிழை என்பதுதான் இதில் கோபப்பட வேண்டிய விஷயம்.

85 யாருடைய எண்? அது பிள்ளையைப் பார்த்து வைத்த எண்ணே கிடையாது. தொழிற்சாலைகளில் இரைச்சலுக்குள் வேலை செய்யும் வளர்ந்த ஆட்களுக்காக அமெரிக்காவின் தேசிய தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1972இல் பரிந்துரைத்து, 1998இல் மறுபடி உறுதி செய்த எல்லை அது. ஒரு நாளைக்கு எட்டு மணிநேரம், சராசரியாக 85. தொண்டைமானாற்று மக்களுக்கு விளங்கச் சொல்வதென்றால், இதே கரையோரமாக மேற்கே போனால் வரும் காங்கேசன்துறை சீமெந்து ஆலையை நினைத்துக்கொள்ளலாம். 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் போரோடு மூடிப்போன ஆலை. கல் அரைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்று, வேலை முடிந்ததும் சைக்கிள் எடுத்து வீட்டுக்குப் போன ஒரு பெரிய மனிதன் இருந்தானே, அப்படிப்பட்டவனுக்கான எண் அது. அவனுக்குக்கூட அது முழுப் பாதுகாப்புத் தரவில்லை. நாற்பது ஆண்டுகள் 85இல் வேலை செய்தால் நூறு பேரில் எட்டுப் பேருக்குக் கூடுதலாகச் செவிப்புலன் கெடும் என்று எல்லை வைத்த நிறுவனமே கணக்குச் சொன்னது. அந்தச் சீமெந்து ஆலைக்காரனின் எண்ணைத்தான் ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, பெட்டியில் கரடிக்குட்டிப் படம் போட்டு விற்கிறார்கள்.

பிள்ளைக்கென்று வைத்த எண்ணும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட தரநிலையில், வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 40 மணிநேரம் 80 டெசிபல் என்றும், சிறுவர்களுக்கு வாரத்தில் 40 மணிநேரம் 75 டெசிபல் என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. 75க்கும் 85க்கும் நடுவே பத்துத்தானே என்று நினைக்கக் கூடாது. டெசிபல் கணக்கில் மூன்று கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், பத்துக் கூடினால் பத்து மடங்காகும். ஆகவே 75இல் 40 மணிநேரம் கேட்கக்கூடிய பிள்ளை, 85இல் வாரத்துக்கு நான்கு மணிநேரம்தான் கேட்கலாம். கட்டுநாயக்காவில் இருந்து தொண்டைமானாறு எட்டு மணிநேர ஓட்டம். பெட்டியில் போட்ட எண் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பிள்ளை ஒரே இரவில் இரண்டு வாரத்துக்கான பங்கைக் கேட்டு முடித்துவிட்டது. அதற்கு முன் லண்டனில் இருந்து விமானத்தில் வந்த பத்து மணிநேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பெட்டியில் போட்ட எண் உண்மையா என்பது அடுத்த கேள்வி. 2016ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் வயர்கட்டர் இணையத்தளம் சிறுவர் ஹெட்செட் முப்பதை எடுத்துக் கருவி வைத்து அளந்தது. நியூயார்க் டைம்ஸ் அந்தச் செய்தியை விரிவாக வெளியிட்டது. முப்பதில் பாதி, சொன்ன எல்லைக்குள் நிற்கவில்லை. மோசமான ஒன்று 114 டெசிபல் வரை போனது. சீமெந்து ஆலைக்காரனை 114இல் நிறுத்தினால் அதே தொழில் விதிப்படி ஒரு நிமிடம்கூட நிற்க விடமாட்டார்கள். பேர்போன கடைகளில் வாங்கியவற்றின் கதியே இது என்றால், யாழ்ப்பாண பஸ் நிலையத்தைச் சுற்றித் தொங்கவிட்டு விற்கும் பெயர் தெரியாத ஹெட்செட்டுகளை யார் அளந்தார்கள்? பெட்டியில் எதையும் அச்சிடலாம், மை மலிவு.

வான் ஓடும்போது நடப்பது இன்னும் மோசம். எஞ்சின் இரைச்சல், ரோட்டு இரைச்சல், யன்னல் காற்று இவற்றுக்கு மேலால் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் எவரும் சத்தத்தைக் கூட்டத்தான் செய்வார்கள். வீட்டு விறாந்தையில் பாதிச் சத்தம் போதும் என்ற பிள்ளை, ஏ9 வீதியில் முழுச் சத்தம் கேட்கும். அத்தோடு பிள்ளையின் காதுத் துவாரம் சிறியது. காதுக்குள் செருகும் வகையை அதில் மாட்டினால், அதே சத்தம் வளர்ந்தவரின் காதில் அடிப்பதைவிடப் பலமாக அடிக்கும். உட்காதில் ஒலியை வாங்கும் மயிர்க்கலங்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழப் பதினையாயிரம்தான். மனிதரில் செத்த கலம் மறுபடி முளைக்காது. வலிக்காமல் சாகும், ஆகவே தாய்க்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. பெரும்பாலும் முதலில் தேய்வது உயர்ந்த சுருதியில் உள்ள ஒலிகள்: ச, ஸ போன்ற உரசல் எழுத்துகள், குருவிச் சத்தம், தூரத்தில் கூப்பிடும் பெண் குரல்.

சத்தத்தைக் கூட்டவைக்கும் அந்த இரைச்சலில் பாதி வானுக்குள்ளேயே உண்டாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சாரதிக்கு நித்திரை வரக்கூடாதென்று முன்னால் ஒரு பாட்டு. பருத்தித்துறையில் இருந்து கொழும்புக்கு ஓடும் இரவு பஸ்களில், விடிய இரண்டு மணிக்கும் திரையில் படம், சண்டைக்காட்சி, அடி, வெடி. ஐம்பது பேர் நித்திரை இல்லாமல் வருகிறார்கள், நிறுத்தச் சொல்லிக் கேட்க ஒருவரும் எழும்புவதில்லை. ஊருக்குள்ளும் இதே கதைதான். இரவு பத்து மணியில் இருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2007இல் இலங்கையின் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் திருவிழாக் காலத்தில் ஊர்க் கோயில்களின் குழாய்கள் எத்தனை மணிக்கு ஓய்கின்றன என்று அயலில் படுத்திருக்கும் நோயாளிகளைக் கேட்க வேண்டும். இதில் சந்நிதியை நினைக்கும்போதுதான் மனம் கூடுதலாக நோகிறது. செல்வச்சந்நிதியில் மந்திரம் ஓதிப் பூசை நடப்பதில்லை. பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார். கதிர்காமத்திலும் அப்படித்தான். அந்த மௌனத்துக்கு முன் நிற்கத்தான் இவ்வளவு சனம் கடல் தாண்டி வருகிறது. அதே சனம் வழி முழுக்கப் பிள்ளையின் காதில் ஒரு ஆலையை ஓடவிட்டுக்கொண்டு வருகிறது.

"அது சரி, ஹெட்செட் இல்லாமல் பிள்ளை எட்டு மணிநேரம் இருக்குமோ?" என்று கேட்பார்கள். கேட்பவர்களில் பலர் வடமராட்சியில் பிறந்தவர்கள், அவர்களே மறந்துவிட்டார்கள். 1990இற்குப் பிறகு போரால் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோ கேட்டது இந்த ஊர். சுற்றுவது பெரும்பாலும் சின்னப் பெடியன்கள். கை தளர்ந்தால் பிபிசி தமிழோசையின் குரல் தேய்ந்து போகும், "சுத்தடா, சுத்தடா" என்று நாலு பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். ஒரு றேடியோ, பத்துப் பேர், மெல்லிய சத்தம். எல்லோரும் வாயை மூடினால்தான் கேட்கும், எல்லோரும் மூடினார்கள், பிள்ளைகளும் மூடினார்கள்.

அந்தப் பிள்ளைகளின் காது செய்த வேறு வேலையும் உண்டு. வானத்தில் வரும் போர் விமானம் ஹெலியா, சகடையா, பொம்பரா என்று தாயை முந்திச் சொன்னவை அந்தக் காதுகள். சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று பிரித்தறிந்து பங்கருக்குள் ஓடியவர்கள் இன்று நாற்பது, ஐம்பது வயதுப் பெற்றோர். அந்தக் காலம் ஒருவருக்கும் திரும்ப வேண்டாம். ஆனால் காது உயிரைக் காக்கும் உறுப்பு என்று உடம்பாலேயே படித்த தலைமுறை, தன் பிள்ளையின் காதை ஒரு பெட்டியில் அச்சடித்த சீமெந்து ஆலைக்காரனின் எண்ணை நம்பிக் கொடுப்பது பொறுக்கக் கூடியதாக இல்லை.

பிள்ளை கேளாமல் விட்டது எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். முறிகண்டியில் வாகனம் நிற்காமல் போகாது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடையும் சத்தம், கற்பூரத் தட்டு, "கச்சான், கச்சான்" என்று யன்னலோரம் வரும் குரல்கள். ஆனையிறவு தாண்டும்போது உப்புக்காற்று கண்ணாடியில் மோதும். ரயிலில் வந்திருந்தால் "வடே, வடே, இஸ்ஸோ வடே" என்று சிங்களத்தில் கூவி வருபவரிடம் ஒரு இறால் வடையும் இரண்டு சிங்களச் சொல்லும் கிடைத்திருக்கும். லண்டனில் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பி, லகர ளகர ழகரம் படிப்பிக்கக் காசு கட்டுகிறார்கள். அந்த எழுத்துகள் உயிரோடு உலாவும் நாட்டுக்குக் கூட்டி வந்து, எட்டு மணிநேரம் காதைப் பூட்டி வைக்கிறார்கள். சின்ன வயதில் பிள்ளை மொழி பிடிப்பது பெரும்பாலும் மனித வாயில் இருந்துதான். பக்கத்தில் இருந்த தாயும் தகப்பனும் வழி முழுக்க அந்தப் பிள்ளையோடு எத்தனை வசனம் பேசியிருப்பார்கள்? கரைச்சல் இல்லை என்று தாய் பெருமைப்பட்டதன் அர்த்தம் அதுதானே.

ஹெட்செட்டை ஆற்றுக்குள் எறியச் சொல்லி இங்கே எழுதவில்லை. நீண்ட பயணத்தில் பிள்ளைக்குக் கதை வேண்டும், பாட்டு வேண்டும். இலங்கை வானொலியின் 'சிறுவர் மலர்' கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் வாங்குகிறவர் காதைப் பார்த்து வாங்க வேண்டும். காதை முழுதாக மூடி உட்காரும் மெத்தை வகை நல்லது. காதுமடலின் மேல் அழுந்தி நிற்கும் கடினப் பிளாஸ்டிக் ஒரு மணிநேரத்தில் நோவு தரும், கண்ணாடி போடும் பிள்ளைக்கு இன்னும் முந்தியே நோகும். எஞ்சினும் விமானமும் எழுப்பும் தாழ்ந்த இரைச்சலை எதிர் ஒலியலையால் அடக்கும் வகை கிடைக்கிறது. விலை கூட, ஆனால் இரைச்சல் குறைந்தால் பிள்ளை சத்தத்தைக் கூட்டக் கேட்காது. ஒரு வயரில் இரண்டு பேர் கேட்கும் இரட்டைச் செருகி சில நூறு ரூபாய்தான். தாயும் அதே கதையை அதே சத்தத்தில் கேட்டால் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று தன் காதாலேயே அறிவார். மூன்று வயதுக்குக் கீழே இவை ஒன்றும் தேவையில்லை, மடியும் குரலும் போதும். கையில் ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் லேசு. ஹெட்செட் சத்தத்துக்கு எல்லை வைக்கும் அமைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. 75 வரை இறக்கலாம். பிள்ளைக்கென்று வைத்த அதே 75.

கடைக்காரரும் இறக்குமதிக்காரரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். சிறுவருக்கு என்று விற்கும் ஹெட்செட் பெட்டியில், சிறுவருக்கான 75 எங்கே? அதை எத்தனை மணிநேரம் போடலாம் என்ற வரி எங்கே? பொருள்களின் லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று பணிக்கும் அதிகாரம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் காட்டட்டும்.

திருவிழா முடிந்து அந்தக் குடும்பம் திரும்பிப் போனது. புறப்படுகிற அன்று வாசலில் வைத்துத் தாயின் கைபேசியில் 75 வைக்கப்பட்டது. வான் ஊர் வீதியால் ஓடத் தொடங்கியதும் பிள்ளை ஹெட்செட்டைத் தட்டிப் பார்த்து, "கேக்கேல்லை அம்மா" என்றானாம். தாய் கைபேசியை எடுத்திருக்கிறார். வானில் கூடப் போன அம்மம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டைப் பார்த்து, "தம்பி, அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிப்பாட்டும்" என்று சாரதியிடம் சொன்னார். சாரதி நிறுத்தினார். பிறகு பிள்ளைக்குக் கேட்டது.