செய்தி சொல்லவும் அறிவியல் வேண்டும்

மேல்நிலை வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படிக்கும் ஒரு மாணவி, "நான் பல்கலைக்கழகத்தில் இதழியலும் தொடர்பியலும் படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? "அதற்கா இத்தனை நாள் கணக்குப் போட்டாய்?" என்ற கேள்விதான் முதலில் வரும். மதிப்பெண் குறைந்தவர்களும் கணக்குக்கு அஞ்சுபவர்களும் ஒதுங்கும் இடம் ஊடகப் படிப்பு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இந்த எண்ணம் தவறானது; மக்களுக்குத் தீங்கு செய்வதும்கூட என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பெருமழை கொட்டியது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரையில் குடியிருக்கும் ஒருவருக்கு இந்த எண் என்ன சொல்லும்?

ஒரு கன அடி நீர் ஏறத்தாழ 28.3 லிட்டர். ஆகவே 29,000 கன அடி என்பது சுமார் 8 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 68-ஐ ஒவ்வொரு வினாடியும் ஆற்றில் கவிழ்ப்பதற்கு இது சமம்! இவ்வளவு தெரிந்தாலும் போதாது. இந்த நீர் சைதாப்பேட்டைக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும்? ஆற்றின் மட்டம் எத்தனை அடி உயரும்? எந்தத் தெருக்கள் தாழ்ந்தவை? இவற்றைப் பொறியாளரிடம் கேட்டு, எளிய தமிழில் உடனே சொல்பவரே நல்ல செய்தியாளர். அந்த ஒரு செய்தி உயிர்களைக் காக்கும்.

சரியான செய்தி இல்லாத இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். அதே வெள்ளத்தின்போது, சென்னையை அடுத்த முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக ஒரு புரளி கிளம்பியது. ஒரு முதலையும் தப்பவில்லை என்று பண்ணையினர் மறுக்க வேண்டியதாயிற்று.

"செய்தியாளருக்கு மொழியறிவு போதாதா? ஐயம் வந்தால் வல்லுநரைக் கேட்கலாமே?" என்று சிலர் வாதிடுவார்கள். மொழியறிவு முதன்மையானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயம் தோன்றுவதற்கே ஓரளவு அறிவு வேண்டுமல்லவா? "மழை இயல்பைவிட 200 விழுக்காடு அதிகம்" என்றால் இரு மடங்கு என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் அது மூன்று மடங்கு. "நோய் வரும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது" என்ற செய்தி நம்மை நடுங்க வைக்கிறது. லட்சத்தில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வருகிறது என்பதுதான் அதன் பொருளாக இருக்கலாம். இந்தக் கணக்கெல்லாம் பள்ளிக் கணக்கே. அதை மறவாதவர் செய்தித் துறைக்கு வந்தால் போதும்.

இத்தகைய படிப்புக்கு மாநிலப் பல்கலைக்கழகம் ஏற்ற இடம் என்பேன். பெரும்பாலும் கட்டணம் குறைவு. பல மாவட்டத்து மாணவர்களும் வந்து கூடுகிறார்கள். ஒரே வளாகத்தில் பல துறைகள் இருக்கின்றன. பொறியியலுக்குப் பெயர்பெற்ற அண்ணா பல்கலைக்கழகத்தில் ஊடக அறிவியலுக்கும் தனித்துறை உண்டு. நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலி 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் அங்கேதான் தொடங்கியது. அதன் அலைவரிசை 90.4 மெகாஹெர்ட்ஸ். அதாவது, வினாடிக்கு 9 கோடியே 4 லட்சம் அதிர்வுகள். அலைநீளம் சுமார் 3.3 மீட்டர். இத்தகைய சமூக வானொலிக்கு 50 வாட் திறனுள்ள ஒலிபரப்பி போதும். வீட்டில் சுழலும் பழைய மின்விசிறிக்கு இதைவிட அதிக மின்சாரம் தேவை! இவ்வளவு சிறிய கருவி சுற்றுவட்டார மக்களோடு பேசுகிறது. இதைக் கையாளும் மாணவருக்கு இயற்பியல் பாடநூலோடு நின்றுவிடுவதில்லை.

குறைகளும் உண்டு. சில இடங்களில் கருவிகள் பழையவை. ஒரு கேமராவுக்குப் பலர் காத்திருக்க நேரும். தமிழில் நல்ல பாடநூல்களும் போதவில்லை. ஊடகப் படிப்பு ஒவ்வொன்றிலும் புள்ளியியலும் அடிப்படை அறிவியலும் கட்டாயப் பாடமாக வேண்டும் என்பது என் கோரிக்கை.

மாணவர்களே! இத்துறையில் நாட்டமுள்ளவர்கள் பள்ளிக் கணக்கைக் கைவிட வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இணைப்புக் கல்லூரிகளில் இதழியல் அல்லது காட்சித் தொடர்பியல் படிக்கலாம். இயற்பியலிலோ தாவரவியலிலோ பட்டம் பெற்றபின் முதுநிலையில் இதழியலுக்கு வருவதும் நல்ல வழியே. சேரும்முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மாணவர்களே நடத்தும் இதழோ வானொலியோ உண்டா? பிற துறைப் பாடங்களைப் படிக்க இடமுண்டா? செய்தித் துறையில் பணியாற்றியவர்கள் பாடம் நடத்துகிறார்களா?

மாநிலப் பல்கலைக்கழகம் மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. அங்கே படித்தவர் மக்களுக்குத் திருப்பித் தர வேண்டியது சரியான செய்தி. அடுத்த பெருமழையின்போது ஆற்றங்கரை மக்கள் வானொலியைத் திருப்புவார்கள், கைப்பேசியைப் பார்ப்பார்கள். அப்போது அவர்களுக்குச் செய்தி சொல்பவர் கன அடிக்குப் பொருள் தெரிந்தவராக இருக்கட்டும்.